வீட்டுக்கு வர்றான் டேல்

போன வருஷம் யார்க்‌ஷயருக்கும் லங்காஷயருக்கும் நடந்த ரக்பி லீக் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று பேர். மைதானமோ பன்னிரண்டாயிரம் பேர் கொள்ளும். காலி இருக்கைகள் படத்தில் விழுந்துவிடக் கூடாதென்று தொலைக்காட்சிக்காரர்கள் எண்பது நிமிஷமும் கேமராவைக் குனிய வைத்தே ஓட்டினார்கள். பந்து உயரப் போனபோது மட்டும் கேமராவும் கூடவே மேலே போக வேண்டியிருந்தது. அப்போதெல்லாம் மழையில் நனைந்த பச்சை நாற்காலிகள் வரிசை வரிசையாகப் பளபளத்தன. மறுநாள் ஒரு பத்திரிகை ‘நாற்காலிகள் அபார வெற்றி’ என்று தலைப்புப் போட்டுக் கேலி செய்தது.

வருஷம் முழுக்க ஆளுக்கொரு கிளப்பில் ஆடுகிறவர்கள், அந்த ஒரு நாள் மட்டும் பிறந்த கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடும் ஆட்டம் அது. ஆட்டக்காரர்களுக்கு அது பெரிய கௌரவம். ஜனங்களுக்குத்தான் அக்கறை விட்டுப்போயிருந்தது. எப்படியாவது கூட்டத்தைக் கூட்டிக் கொடுங்கள் என்று ஸ்டூவர்ட் லோமாஸ் என்பவரின் விளம்பர நிறுவனத்திடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். 1997 ஜூன் பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி, ஆக்லி ஊர் மைதானம் என்று முடிவாயிற்று.

ஆக்லியில் யாரைத் தெரிய வேண்டுமென்றாலும் ஜானிஸ் ஹெப்வொர்த்தைத் தெரிந்தால் போதும். கிளப்பின் டிக்கெட் சன்னலுக்குப் பின்னால் பதினான்கு வருஷம் உட்கார்ந்தவள். யார் யாரோடு பேசுவார்கள், யார் பக்கத்தில் யாரை உட்கார வைக்கக் கூடாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. லோமாஸ் விசாரித்த நாலு பேரும் அவள் பெயரையே சொன்னார்கள். மூன்று மாதத்துக்குக் கிளப்பிலிருந்து அவளை இரவல் வாங்கிக்கொண்டார்.

முதல் கூட்டத்திலேயே லோமாஸ் பெரிய அட்டைகளை விரித்துக் காட்டினார். யார்க்‌ஷயரின் வெள்ளை ரோஜா, லங்காஷயரின் சிவப்பு ரோஜா, வாணவேடிக்கை, இடைவேளையில் நடனக்காரிகள், சிங்க வேஷம் போட்ட ஓர் ஆள்.

“எப்படி இருக்கு ஜானிஸ்?”

“சிங்கம் நல்லா இருக்கு. ஆனா மழையில நனைஞ்ச சிங்கத்தைப் பார்க்க ஆக்லிக்காரன் எதுக்கு வரணும்?”

“யார்க்‌ஷயர் ஆடுதே?”

“சட்டையைப் பார்க்க யாரும் வரமாட்டாங்க மிஸ்டர் லோமாஸ். சட்டைக்குள்ள நம்ம ஆள் இருந்தா வருவாங்க.”

“அப்படி யார் இருக்கான்?”

“டேல்,” என்றாள் ஜானிஸ்.

டேல் ராம்ஸ்டன் ஆக்லியில் பிறந்து வளர்ந்தவன். வயது இருபத்து மூன்று. பதினேழு வயதில் பெருநகரக் கிளப் அவனைத் தூக்கிக்கொண்டு போயிற்று. ஆறாம் எண் சட்டையில், மொத்த ஆட்டத்தையும் கையில் வைத்து நடத்துகிறவன். ஆக்லி கிளப் கீழ்ப் பிரிவில் கிடந்ததால், போன ஆறு வருஷத்தில் அவன் ஒருமுறைகூடச் சொந்த ஊர் மைதானத்தில் இறங்கி ஆடியதில்லை. ஊரே அவனை டிவியில்தான் பார்த்தது. அவன் அம்மா பிரெண்டா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தாள்; ஐந்து வயதிலிருந்து ஜானிஸுக்குத் தோழி. பிரெண்டாவிடம் கார் கிடையாது. ஒன்பது வயதுக்கு உட்பட்டோர் அணியில் டேல் ஆடிய காலத்திலிருந்து ஜானிஸின் கார்தான் அவனை ஊர் ஊராக ஏற்றிப் போனது. பின் இருக்கையில் அவன் கால்சட்டையிலிருந்து உதிர்ந்த சேறு போகவே போகாது.

ஜானிஸ் அங்கேயே ஒரு காகிதத்தில் எழுதினாள். ‘வீட்டுக்கு வர்றான் டேல்.’ அதற்குக் கீழே, ‘ஆக்லியில், ஆறாம் எண் சட்டையில், முதன்முறையாக.’

லோமாஸ் அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்து இரண்டு முறை படித்தார். பிறகு சிங்கத்தின் படத்தைச் சுருட்டி மேசைக்கு அடியில் வைத்தார்.

மே மாத நடுவில் டேல் படம் எடுக்க வந்தான். பிரெண்டா யார்க்‌ஷயர் சட்டையை மூன்று தடவை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். மூடிக் கிடந்த நிலக்கரிச் சுரங்கத்தின் வாசலில், இடுப்பில் பந்தை இடுக்கிக்கொண்டு நின்றான். “சிரிடா, வரி கட்டற மாதிரி நிக்காதே,” என்று ஜானிஸ் கத்தியதும் சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் போஸ்டரில் வந்தது. ஆக்லியில் மீன் கடை, முடிதிருத்தும் கடை, பிங்கோ மண்டபம், பஸ்ஸின் முதுகு எல்லாவற்றிலும் டேல் சிரித்தான்.

ஜானிஸ் ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் சுற்றினாள். பள்ளிக்கூடங்களில் காலைக் கூட்டத்தில் பேசினாள். தொழிலாளர் மன்றத்தில் சீட்டாடுகிறவர்களின் மேசைக்கு மேசை போய் நின்றாள். லங்காஷயர் பத்திரிகை ஒன்றில் அவள் கொடுத்த விளம்பரம் பெரிய ரகளையைக் கிளப்பியது. டேலின் படத்துக்குக் கீழே, ‘இவனைப் பிடிக்க உங்களிடம் ஆள் இருந்தால் பஸ் ஏறி வாருங்கள். இல்லாவிட்டால் வீட்டிலேயே உட்கார்ந்து டீ குடியுங்கள்’ என்று போட்டிருந்தாள். மறுநாள் தொலைபேசி ஓயவில்லை.

“ஏம்மா, நீதானா அந்த டீக்காரி? எங்க பசங்க உங்க டேலை நாலா மடிச்சுத் தபால் பெட்டியில போட்டு அனுப்புவாங்க, பாத்துக்கோ.”

“தாராளமா அனுப்புங்க, ஸ்டாம்ப் உங்க செலவு. டிக்கெட் எத்தனை வேணும்?”

அந்த ஆள் நாற்பது டிக்கெட் வாங்கினான்.

சனிக்கிழமைகளில் சந்தையில் மேசை போட்டு விற்றாள். பிரெண்டாவும் வந்து பக்கத்தில் நின்றாள். அம்மா நிற்கும் மேசையில் டிக்கெட் வாங்க ஜனங்களுக்கு ஒரு குஷி. “இவனைப் பெத்த வயிறுடி இது,” என்று பிரெண்டாவின் தோளைத் தட்டிவிட்டு வாங்கிப் போனார்கள். மே கடைசியில் முதல் ஐந்நூறு போஸ்டரும் தீர்ந்தன. இரண்டாவது தடவை அச்சடிக்கக் கொடுத்தபோது லோமாஸ் சொன்னார்:

“கீழ் வரியை எடுத்துடலாம் ஜானிஸ். மேல் வரி இன்னும் பெருசா வரும். பஸ்ஸுல போறவங்களுக்கும் தெரியணும்ல?”

நல்ல யோசனை என்றுதான் அவளுக்கும் பட்டது. தலையாட்டினாள்.

பழைய சுரங்கத் தொழிலாளி ஆர்தர் ஓல்ட்ராய்டை மட்டும் அவளால் லேசில் அசைக்க முடியவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சுரங்க வேலைநிறுத்தம் தோற்றுப்போன பிறகு அவர் மைதானத்துக்குள் காலே வைத்ததில்லை. வேலைநிறுத்தத்தின்போது ஒரு வருஷம் பட்டினி கிடந்தவர்களும், கடைசியில் பஸ் ஏறி வேலைக்குப் போனவர்களும் ஒரே படிக்கட்டில் நின்று கைதட்டுவதை அவரால் சகிக்க முடியாது. அவர் மகன் அப்படி பஸ் ஏறி வேலைக்குப் போனவன். அவனோடு பேச்சே இல்லை.

ஜானிஸ் மூன்று தடவை அவர் வீட்டுக்குப் போனாள். மூன்றாவது தடவை சொன்னாள்:

“டேலோட தாத்தா உங்க கூடத்தானே சுரங்கத்துக்குள்ள இறங்கினாரு? அவரு பேரன் யார்க்‌ஷயர் சட்டையில நம்ம புல்லு மேல ஓடுறதை நீங்க பார்க்கலன்னா வேற யாரு பார்க்கறது? மகனையும் கூப்பிடுங்க. பேச வேணாம். பக்கத்துல நின்னு ஆட்டத்தை மட்டும் பாருங்க.”

ஆர்தர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அவன் ஆடறானா? நிச்சயமா?”

“நான் சொல்றேன்ல.”

“உன் வாய்ச் சொல்லுக்காகத்தான் வர்றேன்,” என்று மூன்று டிக்கெட் வாங்கினார். அவருக்கு, மகனுக்கு, அதுவரை கண்ணால் பார்த்திராத பேரனுக்கு.

வியாழக்கிழமை மதியம், ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, மைதானத்தில் விற்கப்போகும் ஆட்ட மலரின் கடைசி அச்சுப் பிரதி அவள் மேசைக்கு வந்தது. பெயர்களில் எழுத்துப் பிழை பார்ப்பது அவள் வேலை. அட்டையில் டேல் சிரித்துக்கொண்டிருந்தான். உள்ளே யார்க்‌ஷயர் அணி வரிசையில் ஆறாம் எண்ணுக்கு நேராக ‘மார்ட்டின் சைக்ஸ்’ என்று இருந்தது. ஜானிஸ் சிவப்புப் பேனாவால் அதை அடித்துவிட்டு அச்சகத்தைக் கூப்பிட்டாள்.

“ஆறாம் நம்பர்ல தப்பான பேரு வந்திருக்கு.”

அச்சகத்துப் பெண் காகிதங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. “இல்லையே. இது திருத்தினதுதான். மிஸ்டர் லோமாஸ் ஆபீஸ்ல இருந்து ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க. உள்ள பேரை மாத்துங்க, அட்டையில கை வைக்காதீங்கன்னு.”

ஜானிஸ் தொலைபேசியை வைத்தாள். அணி வரிசையை மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை படித்தாள். டேல் எங்குமே இல்லை. மாற்று ஆட்டக்காரர்களிலும் இல்லை. ரெண்டு வாரம். கீழ் வரியை எடுக்கச் சொன்ன அதே வாரம்.

லோமாஸ் தன் அறையில் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே சாண்ட்விச்சைக் கீழே வைத்தார்.

“உட்காருங்க ஜானிஸ்.”

“டேல் ஆடலையா?”

“சிட்னி கிளப் ஒண்ணு அவனை எடுத்திருக்கு. செவ்வாய்க்கிழமை விமானம். அதுவரைக்கும் கிளப் ஆட்டம் தவிர வேற எதுலயும் இறங்கக் கூடாதுன்னு ஒப்பந்தம். காலை உடைச்சுக்கிட்டா அவங்களுக்கு நஷ்டமில்லையா?”

“இது உங்களுக்கு எப்பவோ தெரியும்.”

“அவன் வருவான் ஜானிஸ். இடைவேளையில மைதானத்தைச் சுத்தி நடந்து கையசைப்பான். நாம ஆடுவான்னு எங்கயும் சொல்லலையே? ‘வீட்டுக்கு வர்றான் டேல்.’ வர்றான். நீங்க எழுதின வரிதானே?”

ஜானிஸ் உட்காராமல் மேசையில் கையை ஊன்றினாள்.

“நான் எழுதினது ரெண்டு வரி,” என்றாள்.

“ரெண்டாவதை எடுக்கலாம்னப்போ நீங்களும் சரின்னுதான் சொன்னீங்க.” அவர் குரலில் கோபம் இல்லை, கணக்கு வாத்தியாரின் பொறுமைதான் இருந்தது. “உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா சந்தையில நின்னு அப்படி வித்திருப்பீங்களா? உங்களுக்குப் பொய் சொல்ல வராது. அதனாலதான் சொல்லல. அதை ஒரு பாராட்டா எடுத்துக்கோங்க. இதுல கோவிச்சுக்க என்ன இருக்கு? பிரெண்டாவே புரிஞ்சுக்கிட்டாங்க.”

“பிரெண்டாவுக்குத் தெரியுமா?”

லோமாஸ் சாண்ட்விச்சைத் திரும்ப எடுக்கலாமா என்று யோசிப்பவர்போல அதையே பார்த்தார்.

பள்ளிக்கூடச் சமையலறையில் மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரங்கள் குவிந்து கிடந்தன. பிரெண்டா பெரிய தட்டில் ஒட்டியிருந்த கஸ்டர்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஜானிஸ் உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் சுரண்டுவதை நிறுத்தினாள். ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாம் அதிலேயே தெரிந்துவிட்டது.

“எப்படி இருந்துச்சுடி?” என்றாள் ஜானிஸ். “ரெண்டு சனிக்கிழமை என் பக்கத்துல நின்னியே. நர்ஸ் மார்ஜரி தன் ஆஸ்பத்திரி வார்டு முழுசுக்கும் முப்பது டிக்கெட் வாங்கினப்போ அவளைக் கட்டிப் பிடிச்சியே. அப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?”

“கத்தாத. ஹெட்மிஸ்ட்ரஸ் வருவாங்க.”

“வரட்டும். அவங்களும் எட்டு டிக்கெட் வாங்கியிருக்காங்க.”

பிரெண்டா ஈரக் கையை முன்கச்சையில் துடைத்தபடி திரும்பினாள். கண் சிவந்திருந்தது. “அவன் என் பையன் ஜானிஸ். வெளிய தெரிஞ்சா இப்போ இருக்கற கிளப் தகராறு பண்ணும், எல்லாம் கெட்டுப் போயிடும், ஒரு ஆள்கிட்டகூட மூச்சு விடாதன்னு சொன்னான். ஒரு ஆள்கிட்டகூடன்னா நீயும்தான்னு அர்த்தம். நான் என்ன பண்ணட்டும்?”

“சந்தைக்கு வராம இருந்திருக்கலாம். கால் வலிக்குது, தலை வலிக்குதுன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். நீ என்ன சொன்னாலும் நான் நம்பியிருப்பேனேடி.”

“வரலன்னா நீ சந்தேகப்படுவியோன்னு...”

“அப்போ நான் சந்தேகப்படக் கூடாதுன்னுதான் வந்து நின்னிருக்கே.”

பிரெண்டா தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள்: “உங்கிட்ட சொல்லணும்னு ஒரு ஞாயித்துக்கிழமை வீடு வரைக்கும் வந்தேன். நீ ஆயிரம் டிக்கெட் போயிடுச்சு, ரெண்டாயிரம் போயிடுச்சுன்னு குழந்தை மாதிரி குதிச்சுக்கிட்டு இருந்தே. எப்படிச் சொல்றது?”

அன்று பிரெண்டா வந்து கேக் சாப்பிட்டுவிட்டுப் போனது ஜானிஸுக்கு நினைவு வந்தது. இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

அங்கிருந்து நேராக ஆர்தர் வீட்டுக்குப் போனாள். விஷயத்தை வாசலிலேயே சொல்லிவிட்டாள். உள்ளே உட்கார்ந்துகொண்டு சொல்லத் தைரியம் இல்லை. ஆர்தர் முழுவதும் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

“பன்னெண்டு வருஷம் கழிச்சு மகனுக்குப் போன் பண்ணேம்மா,” என்றார். “என்ன பேசறதுன்னு தெரியல. டேல் ஆடறான்டான்னேன். அதுதான் எனக்குக் கிடைச்ச ஒரே பேச்சு. அவனும் சரிப்பான்னான்.”

“மன்னிச்சுக்கோங்க ஆர்தர். எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்.”

“இருக்கலாம். அந்தக் காலத்துல சுரங்க அதிகாரிங்களும் அதான் சொல்வாங்க. எங்களுக்கே இன்னிக்குத்தான் தெரியும், மேல முடிவு பண்ணிட்டாங்கன்னு.” கதவை மெதுவாக நகர்த்தினார். “நீயும் நிர்வாகம் ஆயிட்டேம்மா.”

ஆக்லியில் அதைவிடப் பெரிய வசவு இல்லை. கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். வீடு வரைக்கும் நடந்தே வந்தாள். காரைப் பள்ளிக்கூட வாசலில் விட்டது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

ஊர் வாரப் பத்திரிகை அன்று காலையே எட்டுப் பக்க டேல் இணைப்போடு வெளிவந்துவிட்டது. அடுத்தது அடுத்த வியாழக்கிழமைதான். கிளப் தலைவரைக் கூப்பிட்டாள். “லோமாஸைக் கேளு, அவரு பொறுப்பு,” என்று வைத்துவிட்டார். கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த புருஷன் கீத் சமையலறை மேசையில் அவளைப் பார்த்தான். முழுக் கதையும் கேட்டான்.

“என்ன பண்ணப் போறே?”

“வாசல்ல போர்டு வெச்சு எழுதிப் போடப் போறேன். அவன் ஆடலை, வேணாம்னா டிக்கெட்டைக் கொடுத்துட்டுப் பணத்தை வாங்கிக்கிட்டுப் போங்கன்னு.”

“வேலை போயிடும்.”

“போகட்டும்.”

கீத் சட்டைக் கையை மடித்துவிட்டான். “அப்போ போர்டை நான் எழுதறேன். உன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்.”

ஞாயிற்றுக்கிழமை அதிசயமாக வெயில் அடித்தது. பன்னிரண்டு மணிக்கே ஜனங்கள் திரள ஆரம்பித்தார்கள். தெருவெல்லாம் வெள்ளை ரோஜாத் தொப்பிகள். மலைக்கு அந்தப் பக்கமிருந்து லங்காஷயர்க்காரர்கள் பதினோரு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஒருவன் தபால் பெட்டி மாதிரி சிவப்பு அட்டையில் உடம்பை மூடிக்கொண்டு வந்திருந்தான். ஜானிஸ் தன் வாழ்நாளில் அந்தத் தெருவில் அவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததில்லை. அதைக் கூட்டியவள் அவள்தான். டிக்கெட் சன்னலுக்கு வெளியே, ஆள் உயரப் பலகையின் பக்கத்தில் நின்றாள்.

‘டேல் ராம்ஸ்டன் இன்று ஆட மாட்டார். டிக்கெட்டைக் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெற விரும்புவோர் இங்கே வரவும்.’

முதலில் வந்தவர்கள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

“அப்போ பஸ்ஸுக்குப் பின்னாடி ஒட்டியிருக்கறது யாரு? உன் கொழுந்தனாரா?”

“எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்து என் பொண்ணுகிட்ட நீதானே சொன்னே? அவ ராத்திரியெல்லாம் தூங்கல.”

“தெரிஞ்சே வித்துட்டு இப்போ போர்டு வெக்கிறியா?”

தெரியாது என்று முதல் பத்துப் பேரிடம் சொன்னாள். ஆர்தரின் கதவு நினைவுக்கு வந்ததும் அதையும் நிறுத்திவிட்டாள். டிக்கெட்டை வாங்கிப் பணத்தைக் கொடுத்து, “மன்னிச்சுக்கோங்க” என்று மட்டும் சொன்னாள். மார்ஜரி தன் ஆஸ்பத்திரிக் கூட்டத்தோடு வந்தவள் பலகையைப் படித்தாள். ஜானிஸைப் பார்க்காமலே தாண்டி உள்ளே போனாள். ஆர்தர் வரவே இல்லை. அவர் மகன் வந்தான்; அவன் கையைப் பிடித்துக்கொண்டு பத்து வயதுப் பையன். வாசலில் அரை மணி நேரம் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பையனைக் கூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பி நடந்தான். ஆர்தரின் வீடு இருந்தது அதற்கு எதிர்த் திசையில்.

லோமாஸ் வந்தார். பலகையைப் படித்தார். “இதை எடுங்க ஜானிஸ்.”

“முடியாது.”

“எடுக்கச் சொல்லி ஆளை அனுப்புவேன்.”

கீத் பலகைக்கு முன்னால் நகர்ந்து நின்றான். எட்டு மணி நேரம் கண்ணாடித் தகடு தூக்குகிற தோள். லோமாஸ் அந்தத் தோளையும் கூட்டத்தையும் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ கணக்கு ஓடியது. பிறகு, அவளுக்கு அப்போது புரியாத ஒரு புன்னகையோடு, “சரி, இருக்கட்டும்,” என்று உள்ளே போனார்.

இரண்டரை மணிக்கு டிக்கெட் அறையின் பின்கதவை யாரோ தட்டினார்கள். டேல். சாம்பல் நிற சூட், புது ஷூ. ஒன்பது வயதில் கார்க் கதவைத் திறக்கும்போது இருந்த அதே தயக்கத்தோடு நின்றான்.

“ஆன்ட்டி.”

அவள் டிக்கெட் கட்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

“நான் சொல்லியிருக்கணும் ஆன்ட்டி. எனக்கு வேற வழி இல்ல. இப்படி ஒரு சான்ஸ் இன்னொரு தடவை வராது.”

“போனது தப்புன்னு யாருடா சொன்னா? போ. நல்லா இரு. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. எப்போ கையெழுத்துப் போட்டே?”

டேல் ஷூவைப் பார்த்தான்.

“சொல்லுடா.”

“போட்டோ எடுத்ததுக்கு ரெண்டு நாள் முன்னாடி.”

ஜானிஸின் கை நின்றது. சுரங்க வாசல், பந்து, சிரிப்பு. அவள்தான் சிரிக்கச் சொன்னாள். அவன் சிரித்தான்.

“அன்னிக்குத் திரும்பிப் போறப்போ என் காருல வந்தியே,” என்றாள். “இருபது நிமிஷம். பழைய பாட்டெல்லாம் பாடிக்கிட்டு.”

“நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க...”

“நான் சந்தோஷமா இருக்கறதைப் பார்த்தா உங்க குடும்பத்துக்கே வாய் அடைச்சுப் போயிடுது போல,” என்றாள் ஜானிஸ். “போ. கையசைக்கத் தயாராகு.”

ஆட்டத்தை அவள் பார்க்கவில்லை. மூடிய சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டாள். இடைவேளையில் டேல் வெளியே வந்தபோது முதலில் ஊளைச் சத்தம் கிளம்பியது. பாதி மைதானம் சுற்றுவதற்குள் அது கைதட்டலாக மாறிவிட்டது. சொந்தப் பிள்ளையை எவ்வளவு நேரம்தான் திட்டுவார்கள்? யார்க்‌ஷயர் கடைசி நிமிஷத்தில் இரண்டு புள்ளியில் தோற்றது. நல்ல ஆட்டம் என்றார்கள். மார்ட்டின் சைக்ஸ் என்கிற அந்தப் பையன் உயிரைக் கொடுத்து ஆடினான் என்றார்கள். ஒன்பதாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்திருப்பதாக ஒலிபெருக்கி அறிவித்தது. ஜனங்கள் தங்களுக்குத் தாங்களே கைதட்டிக்கொண்டார்கள். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துப் போனவர்கள் அறுநூறு பேர்கூட இல்லை.

லோமாஸின் புன்னகைக்கு அர்த்தம் அடுத்த வியாழக்கிழமை பத்திரிகையில் புரிந்தது. முதல் பக்கத்தில் ஜானிஸ், பக்கத்தில் பலகை. மேலே, ‘ரசிகர்களிடம் ஒளிவுமறைவில்லை.’ கீழே லோமாஸின் பேட்டி: ஆட்டக்காரர் இறங்க மாட்டார் என்பதை வாசலிலேயே அறிவித்து, டிக்கெட்டையும் திரும்பப் பெற்றுக்கொள்வது எங்கள் நிறுவனத்தின் கொள்கை, அந்தப் பொறுப்பை எங்கள் ஊழியர் ஜானிஸ் ஹெப்வொர்த் செவ்வனே நிறைவேற்றினார். ஜானிஸ் அதை நின்றபடி படித்து முடித்தாள். தன் கையில் கடைசியாக மிச்சமிருந்த ஒன்றையும் அந்த ஆள் எடுத்து விற்றுவிட்டார் என்று பட்டது. அன்றே கிளப்புக்குப் போய் டிக்கெட் அறைச் சாவியைக் கொடுத்தாள். அடுத்த வருஷ ஆட்டத்தையும் லோமாஸிடமே ஒப்படைத்திருப்பதாக அங்கே சொன்னார்கள்.

ஆகஸ்டுக்குள் ஊர் டேலை மன்னித்துவிட்டது. தொழிலாளர் மன்றத்தில் சிட்னி ஆட்டங்களின் ஒளிநாடாவைப் போட்டு, அவன் பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டி விழும்போதெல்லாம் மேசையைத் தட்டினார்கள். ஜானிஸ் உள்ளே வந்தால் மட்டும் பேச்சு ஒரு கணம் நின்று, பிறகு வேறு எதற்கோ மாறியது. யாரும் திட்டவில்லை. ஆனால் அவள் சொல்வதை முன்போல ஒரே தடவையில் யாரும் நம்புவதில்லை. பஸ் நிலையத்தின் விசாரணை சன்னலில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. பார்ன்ஸ்லி பஸ் நாலு பத்துக்கு என்று அவள் சொன்னாலும், தெரிந்தவர்கள் சுவரிலிருந்த அட்டவணையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்கள்.

செப்டம்பரில் ஒரு நாள் கோ-ஆப் கடையில் காய்கறி வரிசையில் திரும்பியபோது எதிரே பிரெண்டா நின்றாள். மூன்று மாதமாக இரண்டு பேரும் தெருவை மாற்றி மாற்றி நடந்து தப்பித்திருந்தார்கள். இங்கே ஒரு பக்கம் கேரட், ஒரு பக்கம் முட்டைக்கோஸ், ஒதுங்க இடமில்லை. பிரெண்டா மெலிந்திருந்தாள்.

“டேல் உன்னை விசாரிச்சான்,” என்றாள்.

“ம்.”

“அடுத்த மாசம் அவனைப் பார்க்கப் போறேன். முதல் தடவையா விமானம். பயமா இருக்கு. உன்கிட்டதான் சொல்லணும்னு இருந்துச்சு.”

ஜானிஸ் உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். முப்பத்தாறு வருஷமாக பிரெண்டாவின் ஒவ்வொரு பயத்தையும் முதலில் கேட்டவள் அவள்தான். என்ன சொல்ல வேண்டும் என்பது நாக்கு நுனி வரை வந்தது. சன்னலோரம் உட்காராதே, மிட்டாய் எடுத்துக்கொண்டு போ.

“இன்னும் எத்தனை நாளுக்குடி இப்படியே இருக்கப் போறே?” என்று கேட்டாள் பிரெண்டா.

“எனக்கே தெரியல பிரெண்டா,” என்றாள் ஜானிஸ். “தெரியுற அன்னிக்கே வந்து சொல்லிடறேன். ரெண்டு வாரம் மறைச்சு வெச்சுக்க மாட்டேன்.”

உருளைக்கிழங்கைப் பையில் போட்டு, எடை போடும் இடத்துக்கு நடந்தாள். அங்கே முன்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.